செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகலை

“அண்ணே, செல்ஃப் நல்லா அடிக்குது. ஆனா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.”

பழைய கார் வைத்திருப்பவர் மெக்கானிக்குக்குப் போன் செய்து இதைச் சொல்லும்போதே விசாரணையில் பாதி முடிந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதற்குமேல் அசைவில்லை என்றால் அது வேறு வழக்கு. பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் என்று நாலைந்து இடங்களுக்குள் அது அடங்கிவிடும். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அந்த நாலைந்து பேரும் ஏறக்குறைய விடுதலை. ஏறக்குறைய என்றுதான் சொல்ல முடியும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், எஞ்சின் எப்படியோ சுற்றும். காயிலுக்குப் போய்ச் சேரும் மின்சாரம் மட்டும் பிளக்கில் பொறி தட்டப் போதாது. ஆகவே மல்டிமீட்டரை முதலில் வைக்க வேண்டிய இடம் பேட்டரிதான், அதுவும் ஒருவர் செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போது.

அந்தச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ‘ர்ர்-ர்ர்-ர்ர்’ என்று சீரான ஏற்ற இறக்கத்தோடு சுற்றினால் எல்லா சிலிண்டரிலும் அமுக்கம் இருக்கிறது என்று பொருள். தாளம் ஒரே இடத்தில் விட்டு விட்டு வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சோர்ந்திருக்கிறது. வழக்கத்தைவிட வேகமாக, எந்தத் தடையும் இல்லாமல் ‘விர்ர்ர்’ என்று ஓடினால் கார்புரேட்டரையோ பிளக்கையோ தொடாமல் நேரே டைமிங் பெல்ட்டைப் பார்க்கலாம்.

கைப்பிடி போட்டுச் சுற்றி எஞ்சினை எழுப்பிய காலத்துக்கு முடிவு கட்டியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1912 மாடல் கேடில்லாக்கில் அவருடைய மின்சார செல்ஃப் மோட்டார் வந்தது. பேட்டரி, காயில், பாயிண்ட் ஆகியவற்றைக் கொண்டு பொறி உண்டாக்கும் முறையை நிலைநிறுத்தியவரும் அவரே. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் பல பத்தாண்டுகள் ஓடியது அந்த ஏற்பாட்டை நம்பித்தான். அன்று எஞ்சின் கேட்டதைத்தான் இன்றும் கேட்கிறது: எரியக்கூடிய அளவில் பெட்ரோலும் காற்றும், போதிய அமுக்கம், வலுவான பொறி, எல்லாம் உரிய நேரத்தில். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றுவது நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று வேகத்தில், அதாவது ஐட்லிங்கில் கால் பங்கு. ஓடும்போது சமாளித்துக்கொள்ளும் சின்னக் குறைகள் அந்த மந்த வேகத்தில் வெளியே வந்துவிடும்.

இவ்வளவு தெளிவான கேள்விக்கு ஏன் இத்தனை தவறான பதில்கள்? காரணம் பாதி தொழில்நுட்பம், பாதி பணம். புதுக் காயிலுக்கு பில் போடலாம், புது பெட்ரோல் பம்புக்கும் போடலாம். அரைமணி நேரம் டெஸ்ட் லேம்ப்பை வைத்துக்கொண்டு யோசித்ததற்கு பில் போட்டால் வண்டிக்காரர் முகம் சுளிப்பார். ஆகவே பிளக் மாற்றிப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் பாயிண்ட், அப்புறம் காயில் என்று பட்டறை நடக்கிறது. இதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் தடயம் அழிவது. மூன்று பாகங்களை மாற்றியபின் வண்டி ஓடினால் கெட்டிருந்தது எது என்று யாருக்கும் தெரியாது. புதிதாகப் போட்ட கண்டன்சரே பழுதாக இருந்துவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகிறது. பழைய வண்டிகளுக்கு இன்று கிடைக்கும் மலிவு பாகங்களில் இது நடக்கக்கூடியதுதான். சென்னை புதுப்பேட்டைக்குப் போகிற பழைய கைகள் புது டூப்ளிகேட்டை விட்டுவிட்டு, கழற்றிய ஒரிஜினலைத் தேடி எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் கரண்ட். ‘கரண்ட் வருதா பாரு’ என்று பட்டறையில் சொன்னால் பொறி வருகிறதா என்று பொருள். ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் வேறொரு நல்ல பிளக்கைச் செருகி, பிளக்கின் உடம்பு எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்துவிட்டு செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். நீலமாக, ‘டப் டப்’ என்று சத்தத்தோடு தட்டினால் நல்லது. மஞ்சளும் ஆரஞ்சுமாக மெலிந்து வந்தால் திறந்த காற்றில் தெரியும் அந்தப் பொறி, சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறியதும் அணைந்துவிடும். வயரைக் கையால் பிடித்து ஷாக் அடிக்கிறதா என்று பார்க்கும் வீரமும் உண்டு. பாயிண்ட் வண்டியில் அது உதறிவிட்டுப் போகும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் ஆளுக்கே ஆபத்து. வயரை எர்த்தில்லாமல் தொங்கவிட்டு செல்ஃப் அடித்தால் மாட்யூலுக்கும் ஆபத்து. பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

பொறி இல்லை என்றால் அடுத்தது பத்து ரூபாய் பல்ப் போட்ட டெஸ்ட் லேம்ப். அதன் ஒரு முனையை எர்த்திலும், இன்னொரு முனையைக் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமாகப் போகும் டெர்மினலிலும் வைத்து செல்ஃப் அடித்தால் மூன்றில் ஒன்று நடக்கும். பல்ப் விட்டு விட்டு மின்னினால் பாயிண்ட் ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. கோளாறு காயிலின் உயரழுத்தப் பக்கத்திலோ கண்டன்சரிலோ இருக்க வேண்டும். மின்னாமல் நிலையாக எரிந்தால் பாயிண்ட் மூடவே இல்லை, அல்லது மூடினாலும் அதன் முகத்தில் படிந்த களிம்பு கரண்டை விடவில்லை. பல மாதம் நிறுத்திவைத்த வண்டியில் அடிக்கடி காண்பது இதுதான். உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, சுத்தமான துணியால் துடைத்தால் தீர்ந்தது. பல்ப் எரியவே இல்லை என்றால் காயிலுக்கு மின்சாரம் வந்து சேரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் மேட்டில் உரசும் ஃபைபர் துண்டு தேயத் தேய இடைவெளி சுருங்கும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் பாயிண்ட் திறக்காமலே போய்விடும். இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத நெடுஞ்சாலையில் விசிட்டிங் கார்டு வைத்துச் சரிசெய்து ஊர் வந்து சேர்ந்த டிரைவர்கள் உண்டு.

இந்த டிஸ்ட்ரிபியூட்டர், காயில், செல்ஃப் மோட்டார் எல்லாம் இந்தியாவில் பெருமளவில் உருவானது சென்னை பாடியில், 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தில். அதனால்தானோ என்னவோ, தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பழைய கைகளுக்கு இந்தப் பாகங்களோடு சொந்த ஊர்க்காரர் போல ஒரு பழக்கம்.

மழைக்காலத்துக்கென்று தனி நோய் ஒன்று இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் ஈரம் படர்ந்தால், பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பிளக் வரை போகும் சிரமத்தை விட்டுவிட்டு மூடியின் மேலேயே எர்த்துக்குக் குறுக்கு வழி கண்டுகொள்கிறது. கண்டுபிடிக்க எளிய வழி: இருட்டில் பானட்டைத் திறந்து வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்ப்பது. வயர்களின் மேலும் மூடியின் மேலும் மெல்லிய நீலக் கோடுகள் ஊர்வது வெறும் கண்ணுக்கே தெரியும். மூடியைக் கழற்றித் துடைத்து உலர்த்தினால் அன்றைக்குத் தப்பிக்கலாம். உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கியது போல ஒரு கருப்புக் கோடு இருந்தால் அது கரண்ட் போட்ட பாதை. துடைத்தாலும் போகாது, மூடியை மாற்றித்தான் ஆக வேண்டும். நடுவில் இருக்கும் கரிப் பொத்தான் தேய்ந்திருக்கிறதா, ரோட்டரில் விரிசல் இருக்கிறதா என்றும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

சாவியே சாட்சி சொல்லும் இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு, கவனிப்பவர் குறைவு. செல்ஃப் அடிக்கும்வரை உயிரே இல்லை, சாவியை விட்ட அந்த நொடியில் மட்டும் எஞ்சின் ஒரு உதறு உதறுகிறது என்றால், ‘ஸ்டார்ட்’ நிலையில் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை. இக்னிஷன் சுவிட்ச்சின் உள்ளே ஒரு தொடர்பு தேய்ந்திருக்கும். இதற்கு நேர் எதிரானது இன்னொன்று: செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது. பேலஸ்ட் ரெசிஸ்டர் வைத்த வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் அந்த ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேராகக் காயிலுக்குப் போகும். சாவியை விட்டபின் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். அது அறுந்திருந்தால் கதை அங்கே முடியும். இந்த இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த வண்டிக்காரர் மெக்கானிக்கின் வேலையில் பாதியை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்.

பொறி நன்றாக இருந்தால் அடுத்தது பெட்ரோல். முள் பாதி டேங்க் காட்டுகிறது என்பதை நம்ப வேண்டாம். பழைய வண்டியின் பெட்ரோல் முள் பலநேரம் அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டரை ஒருமுறை அசைத்தால், ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் மெல்லிய பெட்ரோல் தாரை பாய்வது தெரியும். தெரியவில்லை என்றால் கிண்ணம் காலி. அடுத்து பம்ப். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் இது பட்டறை மொழியில் ‘ஏ.சி. பம்ப்’; உள்ளே ஒரு டயஃப்ரம் அசைய, பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிறது. டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகாமல் எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை அடிக்கும், ஆயில் மட்டமும் ஏறியிருக்கும். அப்படி இருந்தால் பம்பை மாற்றுவதோடு நிற்காமல் ஆயிலையும் மாற்ற வேண்டும்; நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

சூடு சம்பந்தப்பட்ட கோளாறுகளில் பிரபலமானது வேப்பர் லாக். பெட்ரோலின் இலேசான கூறுகள் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறிய பழைய காரை உச்சியில் அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், எஞ்சின் சூடு பம்புக்கும் பைப்புக்கும் ஏறி உள்ளிருக்கும் பெட்ரோல் குமிழியாகிவிடும். பம்பால் திரவத்தைத் தள்ள முடியும், ஆவியை அமுக்கத்தான் முடியும். அம்பாசடர் டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது மூடநம்பிக்கை இல்லை. வெனிலா ஐஸ்கிரீம் வாங்கிய நாளில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பாண்டியாக் கார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையும் இதைத்தான் சொல்கிறது: வெனிலா கடை வாசலிலேயே கிடைக்கும், மற்றவற்றுக்கு உள்ளே போக வேண்டும், அந்த இடைவெளியில் எஞ்சின் ஆறிவிடும். கதை நடந்ததற்கு ஆதாரம் இல்லை. அதில் சொல்லும் காரணம் மட்டும் சரி.

பெட்ரோல் அதிகமாவதும் வியாதிதான். சோக்கை இழுத்துவைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து அடித்தால் பிளக் நனைந்து, ‘ஓவர்ஃப்ளோ’ ஆகிவிடும். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, பம்ப் அடிக்காமல், சில நொடிகள் சுற்றினால் காற்று புகுந்து உலர்த்தும். வேகம் கூட்டும் அதே மிதிதான் இங்கே வைத்தியமும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ வண்டிகள் பலவற்றின் கம்ப்யூட்டரிலும் இந்தப் பழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார்கள்: செல்ஃப் அடிக்கும்போது மிதி முழுக்க அழுந்தியிருந்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விடுவதை நிறுத்திவிடும்.

கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அடித்துப் பார்ப்பது பழைய சோதனை. எஞ்சின் ஓரிரு நொடி பிடித்து நின்றால் பொறியும் அமுக்கமும் நல்லவை, பெட்ரோல் வரத்தில்தான் குறை என்று அதன் தீர்ப்பு. சோதனை சரி, முறை தவறு. டைமிங் விலகிய எஞ்சின் மேல்நோக்கி வெடித்தால் ஊற்றியவரின் முகத்துக்கு நேரே தீ வரும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் கார்புரேட்டர் கிளீனரை ஒரு சொட்டளவு அடித்துவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியை வைத்தபின் செல்ஃப் அடித்தால் அதே விடை கிடைக்கும்.

இப்போது எத்தனால் விவகாரம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் மத்திய அரசு அறிமுகம் செய்தது; அதன்பின் பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுவே நிலைத்துவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து டேங்க்கின் அடியில் தனியாக இறங்கிவிடும், பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். 1980-களின் ரப்பர் டயஃப்ரம், ஹோஸ், மிதவை வால்வு ஆகியவை இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல, உப்பிப்போகின்றன, விறைத்துப்போகின்றன. ஆவியாக எத்தனால் அதிக வெப்பத்தை இழுப்பதால் குளிர் காலையில் முதல் பிடிப்பும் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் 30 வருடம் மாற்றாத ஹோஸ் வெடித்ததற்கும் எத்தனாலையே திட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. எத்தனால்-தாங்கும் ரப்பரில் பம்ப் கிட்டையும் ஹோஸையும் ஒருமுறை மாற்றிவிட்டு, மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பழைய பெட்ரோலை வடித்துவிட்டால் பெரும்பாலான புகார்கள் நின்றுவிடும். வடிக்காமல் விட்ட பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகிவிடும். மாருதி 800-இன் கார்புரேட்டர், ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தோடு மறைமலைநகரில் யூகால் நிறுவனம் செய்தது. அதன் நுண்துளைகளில் பிசின் கட்டினால் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை அகன்றால் அதன்பின் அந்த வண்டியில் மைலேஜ் என்ற பேச்சே எழாது.

அமுக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது திடீரென்று எல்லா சிலிண்டரிலும் போவது அரிது. போனால் காரணம் அநேகமாக ஒன்றுதான், டைமிங் பெல்ட். மாருதி 800 பெல்ட் வண்டி. பழைய அம்பாசடரும் பத்மினியும் செயின் வண்டிகள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளே ராக்கர் அசைகிறதா என்று பார்த்தபடி செல்ஃப் அடித்தால் விடை உடனே தெரியும். அண்மையில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டிய வண்டி என்றால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். முதல் பிஸ்டன் இருமுறை மேலே வருகிறது, அதில் ஒருமுறைதான் பொறிக்கானது. தவறான முறையில் மாட்டினால் கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று வெடித்துக்கொண்டு, வண்டி கடைசிவரை பிடிக்காது. பிளக் வயர்களை 1-3-4-2 என்ற வரிசை மாற்றிச் செருகினாலும் கிட்டத்தட்ட இதே நாடகம்தான்.

2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ வந்தது. அந்த வண்டிகளும் இப்போது கால் நூற்றாண்டு வயதான பழைய கார்கள்தான். இவற்றில் சாவியை ‘ஆன்’ செய்ததும் பின்சீட்டுப் பக்கமிருந்து இரண்டு நொடி ‘உம்ம்’ என்ற சத்தம் வர வேண்டும். அது டேங்க்குக்குள் இருக்கும் மோட்டார். வராவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். டேங்க்கின் அடியில் கையால் நாலு தட்டு தட்டினால் ஓய்ந்த மோட்டார் கடைசியாக ஒருமுறை எழுந்து வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உண்டு. பழைய மோரிஸ் வண்டிகளின் எஸ்.யூ. மின்சார பம்பை ஸ்பானரால் தட்டி எழுப்பியவர்களின் அதே வைத்தியம். டேஷ்போர்டில் சாவி விளக்கு மினுமினுத்தால் எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான். இன்னொரு சாவியை எடுத்துப் பார்க்காமல் பம்பைக் கழற்றியவர்கள் நிறைய.

ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை பழைய எம்.பி.எஃப்.ஐ வண்டிகளில் செல்லாது. இந்தியாவில் கார்களுக்குக் கோளாறு கண்காணிப்பு விதி வந்ததே 2010-இல்தான். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்கள் எழுதிவைக்கும் குறிப்புகள் சொற்பம். கிராங்க் சென்சர் சூடாகி அறுந்தால் எந்தக் கோளாறுக் குறியீடும் பதிவாகாமலேயே பொறியும் பெட்ரோலும் ஒன்றாக நின்றுவிடும். அந்த நேரத்தில் ஆர்.பி.எம். முள்ளைப் பார்ப்பது பயன் தரும்: செல்ஃப் அடிக்கும்போது முள் துளியும் அசையவில்லை என்றால், பல வண்டிகளில், சந்தேகம் அந்தச் சென்சர் மேல்தான். 1990-களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேயின் சால்டரிங் வெடித்து, வெயிலில் நிறுத்திய வண்டி பிடிக்காமல் போய், சாயங்காலம் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ரிலேயைப் பிரித்து, விரிசல் விட்ட புள்ளிகளில் மறுபடி ஈயம் வைத்தால் சரியாகிவிடுகிற விஷயம்.

சூட்டில் செத்து ஆறினால் பிழைக்கும் இந்த ரகம்தான் எல்லாவற்றிலும் கொடியது. பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் ஆறிவிடும். மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். “வண்டி நல்லாத்தானே இருக்கு சார்?” என்பார். அமெரிக்காவில் 1983 முதல் 1995 வரை ஃபோர்டு விற்ற லட்சக்கணக்கான வண்டிகளில், டி.எஃப்.ஐ. என்ற இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே, எஞ்சின் சூடு நேரே ஏறும் இடத்தில் பொருத்தியிருந்தார்கள். ஓடும்போது எஞ்சின் அணையும், செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது; ஆறியபின் பிடிக்கும். அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு பலமுறை விசாரித்தும் அந்த மாட்யூலைக் குற்றவாளியாக்கவில்லை. வண்டிக்காரர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், 2000-இல் கலிஃபோர்னியா நீதிபதி மைக்கேல் பலாச்சி, அந்த மாநிலத்தில் மட்டும் 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். அமெரிக்காவில் ஒரு நீதிபதி வாகனங்களைத் திரும்பப் பெறச் சொன்னது அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இப்படிப்பட்ட வண்டியை வைத்திருப்பவர் டிக்கியில் ஒரு பழைய பிளக், ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு துணி போட்டு வைப்பது நல்லது. வண்டி நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள், பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பொறி இல்லை என்றால் சந்தேகப்படும் காயிலின் மேலோ மாட்யூலின் மேலோ, கனெக்டரில் நீர் இறங்காதபடி, ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு மறுபடி அடிக்க வேண்டும். குளிர்ந்ததும் பொறி திரும்பினால் மாற்ற வேண்டிய பாகம் எதுவென்று தெரிந்துவிட்டது. பொறி இருந்தும் பிடிக்கவில்லை என்றால் துணி போக வேண்டிய இடம் பெட்ரோல் பம்ப்.